விலை குறைந்த விண்டோஸ் டேப்லெட் அன்றாட வேலைக்குத் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தாங்குமா, தாங்காதா?

8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி அல்லது யுஎஃப்எஸ் சேமிப்பு (இரண்டும் வேகமான சேமிப்பு வகைகள்), இன்டெல் என்100 அளவுக்காவது ஒரு பிராசஸர். இந்த மூன்றும் இருந்தால் தாங்கும். பிரவுசர், மெயில், வேர்டு, எக்செல், படம் பார்ப்பது, வீடியோ காலில் பேசுவது எல்லாவற்றையும் எரிச்சல் இல்லாமல் செய்யலாம்.

4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான, மெதுவான சேமிப்பு வகை, கீழே விளக்கம் உண்டு) என்றால் ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பொறுமையாக இருப்பவர்களுக்கு மட்டும். 2 ஜிபி ரேம் உள்ளதை யாராவது சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி ரேமிலும் சேமிப்பிலும் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். காரணம், விலை குறைந்த டேப்லெட்டில் இரண்டும் பெரும்பாலும் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை. லேப்டாப் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ, கடைசி வரை அதுதான்.

இந்த வகை டேப்லெட்டுகளுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?

2014இல் நடந்ததைச் சொன்னால் புரியும். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் 9 அங்குலத்துக்கும் சிறிய திரை உள்ள கருவிகளுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இன்னொரு பக்கம் இன்டெல், டேப்லெட் சந்தையைப் பிடிக்க ஆட்டம் (Atom) என்ற சிறிய பிராசஸர் சில்லுகளை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் ஆட்டம் இசட்3735எஃப் என்ற ஒரே சில்லை வைத்து, பெயர் மட்டும் மாறிய ஏராளமான டேப்லெட்டுகள் வந்து குவிந்தன. அந்தச் சில்லு 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்காது. பல நிறுவனங்கள் அதையும் பாதியாக்கி 1 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பு என்று விற்றன. 16 ஜிபிக்குள் விண்டோஸ் உட்கார்ந்த பிறகு அடுத்த பெரிய அப்டேட்டை இறக்கக்கூட இடம் இருக்காது. வாங்கியவர்கள் திட்டாமல் என்ன செய்வார்கள்?

2016இல் இன்டெல் டேப்லெட்டுக்கும் ஃபோனுக்குமான அடுத்த தலைமுறை ஆட்டம் சில்லுகளைக் கைவிட்டது. அதன்பின் விலை குறைந்த டேப்லெட்டுகளில் இன்டெலின் செலரான், பென்டியம் பிராசஸர் வரிசைகள் வந்தன. 2023 முதல் இன்டெல் அந்த இரண்டு பெயர்களையும் லேப்டாப் பக்கம் எடுத்துவிட்டு வெறுமனே ‘இன்டெல் பிராசஸர்’ என்று போட ஆரம்பித்தது. இன்று விற்பனையில் இருப்பதும் அன்று வந்ததும் ஒன்றல்ல. ஆனால் பழைய சரக்கு இன்னும் புதுப் பெட்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

விளம்பரத்தில் ‘குவாட் கோர் இன்டெல்’ என்று மட்டும் இருக்கிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

மாடல் எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நம்பாதீர்கள். நல்ல சில்லு உள்ளே இருந்தால் முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள்.

எண் தெரிந்தால் கணக்கு எளிது. ஆட்டம் இசட்3735எஃப், எக்ஸ்5-இசட்8300, எக்ஸ்5-இசட்8350 ஆகியவை 2014 முதல் 2016 வரை வந்தவை. இவற்றில் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. அந்த ஒரு காரணமே தள்ளிவைக்கப் போதும். செலரான் என்4000, என்4020 இரண்டும் இரண்டு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) மட்டுமே உள்ளவை. விண்டோஸ் 11 ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். என்4100, என்4120 நான்கு கோர் என்பதால் கொஞ்சம் தேவலாம். 2021இல் வந்த என்5100 அதற்கும் மேலே.

உண்மையான தாவல் 2023இன் தொடக்கத்தில் வந்த என்100இல்தான். இதிலுள்ள நான்கு கோர்களும் இன்டெலின் பெரிய பிராசஸர்களில் சிக்கன கோர்களாக வரும் அதே வகை. 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மின்சாரம் 6 வாட் வகுப்பில்தான். வலைப்பக்கம் திறப்பது, பெரிய எக்செல் கோப்பில் உருட்டுவது போன்றவற்றில் என்4020க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டாப்வாட்ச் இல்லாமலே உணரலாம். என்200 அதற்குச் சற்று மேலே. மைக்ரோசாஃப்டே 2023இல் வெளியிட்ட சர்ஃபேஸ் கோ 4இல் என்200தான் இருக்கிறது.

4 ஜிபி ரேம் போதும் என்று விற்பவர் சொல்கிறார். மைக்ரோசாஃப்டும் 4 ஜிபி என்றுதானே சொல்கிறது?

விண்டோஸ் 11 நிறுவுவதற்கான குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மை. அது கதவைத் திறந்து உள்ளே விடுவதற்கான அளவு. உள்ளே வந்தபின் வசதியாக இருக்குமா என்பதற்கு அதில் உத்தரவாதம் எதுவும் இல்லை.

4 ஜிபி டேப்லெட் ஒன்றை ஆன் செய்து, எதையும் திறக்காமல், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே போயிருக்கும். கிராஃபிக்ஸ் சில்லுக்கும் தனி நினைவகம் கிடையாது, அதுவும் இதே ரேமில் கை வைக்கும். மிச்சத்தில் பிரவுசரும் நான்கைந்து டேபும் திறந்தால் முடிந்தது.

ரேம் நிறைந்ததும் விண்டோஸ் நின்றுவிடாது. அப்போதைக்குத் தேவைப்படாததைச் சுருக்கி வைக்கும், மீதியைச் சேமிப்பில் உள்ள பேஜ் ஃபைலில் எழுதி வைக்கும். வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் இது நடப்பதே உங்களுக்குத் தெரியாது. இஎம்எம்சி உள்ள டேப்லெட்டில் நன்றாகத் தெரியும். டேப் மாற்றினால் வெள்ளைத் திரை, தொட்டது இரண்டு நொடி கழித்து நடப்பது, டைப் செய்த எழுத்து தாமதமாகச் சேர்ந்து வந்து விழுவது. குறைந்த ரேமும் மெதுவான சேமிப்பும் தனித்தனியாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். விலை குறைந்த டேப்லெட்டில் இரண்டும் ஜோடியாகத்தான் வரும்.

இஎம்எம்சி என்கிறீர்களே, அது என்ன? எஸ்எஸ்டியும் ஃபிளாஷ், இதுவும் ஃபிளாஷ்தானே?

இரண்டிலும் ஃபிளாஷ் நினைவகம்தான் இருக்கிறது. அதை எட்டும் பாதைதான் வேறு.

இஎம்எம்சி என்பது மெமரி கார்டின் குடும்பத்தில் பிறந்தது. மல்டிமீடியா கார்டைச் சில்லாக்கி மதர்போர்டில் ஒட்டியது என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் பாதை ஒருவழிப் பாலம் மாதிரி. ஒரு நேரத்தில் படிக்கலாம், அல்லது எழுதலாம். யுஎஃப்எஸ், என்விஎம்இ எஸ்எஸ்டி (எஸ்எஸ்டியில் வேகமான வகை) போன்றவற்றில் படிப்பதும் எழுதுவதும் ஒரே சமயத்தில் போய்வரும். இஎம்எம்சி 5.1 தரத்தின் பாதை வேகம் தாளில் நொடிக்கு 400 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பியை ஒட்டி வரும். என்விஎம்இ என்றால் ஆயிரங்களில் போகும்.

இந்த எண்களை விட முக்கியமானது இன்னொன்று. விண்டோஸ் ஒரு பெரிய கோப்பை நிதானமாகப் படிப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்கிறது, எழுதுகிறது. அந்த மாதிரி வேலையில்தான் இஎம்எம்சி மிகவும் பின்தங்குகிறது.

சந்தேகம் இருந்தால் டேப்லெட் திணறும் நேரம் பார்த்து டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பின்னணியில் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடும் நேரம் என்றால் இன்னும் நல்லது. சிபியு 30, 40 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். அப்படி நின்றால் பிராசஸரைக் குறை சொல்வதில் நியாயமில்லை, அது சேமிப்பு பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. இதே காரணத்தால்தான் நல்ல பிராசஸரோடு இஎம்எம்சி இருக்கும் டேப்லெட்டைவிட, சுமாரான பிராசஸரோடு எஸ்எஸ்டி இருக்கும் டேப்லெட் கைக்குச் சுறுசுறுப்பாகத் தெரிகிறது.

64 ஜிபியில் எனக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

விண்டோஸ் அதை 60க்குச் சற்றுக் கீழேதான் காட்டும், கணக்கிடும் முறை அப்படி. அதில் விண்டோஸும் அதன் துணைக் கோப்புகளும் போக, அப்டேட்டுக்கென்று சுமார் 7 ஜிபியைத் தனியாக ஒதுக்கி வைக்கும் பழக்கம் 2019 முதல் உண்டு. ஆபீஸ், ஒரு பிரவுசர், நாலைந்து ஆப் போட்டபின் ஏறக்குறைய பாதி மிச்சமிருந்தால் மகிழ்ச்சி.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய அப்டேட்தான் சிக்கல். பழைய விண்டோஸை 10 நாள் பத்திரமாக வைத்திருக்கும், அதற்கே பல ஜிபி போகும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளில் ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்’ என்பதை நீக்கிவிடுங்கள். எப்போதும் 15 ஜிபி காலியாக வைத்திருப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் தலைவலி குறையும்.

மெமரி கார்டு போட்டுச் சமாளிக்க முடியாதா?

படம், பாட்டு, ஆவணம் வைக்கலாம். புரோகிராம்களை அதில் நிறுவாதீர்கள், இஎம்எம்சியைவிட அது இன்னும் மெதுவு. கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விண்டோஸ் திணறுவது குறையாது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் கோப்புகளைக் கேட்டால் மட்டும் இறக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கிளவுடில் இருப்பதெல்லாம் டேப்லெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிரவுசர், ஆபீஸ் வேலைக்கு எப்படி?

வேர்டும் எக்செலும் பெரிய சுமை இல்லை. திறக்கும்போது கொஞ்சம் நேரமெடுக்கும், திறந்தபின் 4 ஜிபி டேப்லெட்டிலும் நன்றாகவே ஓடும். இருபது பக்கக் கடிதமோ சில நூறு வரி கணக்கோ எந்த டேப்லெட்டையும் அசைக்காது.

பாரம் பிரவுசரில்தான். இன்றைய வலைப்பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மென்பொருள் மாதிரி ஆகிவிட்டன. விளம்பரம், கண்காணிப்புக் குறியீடு, தானாக ஓடும் வீடியோ எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒரு நல்ல விளம்பரத் தடுப்பான் போட்டாலே பாதி பாரம் இறங்கும். விலை குறைந்த டேப்லெட்டுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை என்பேன். எட்ஜில் பயன்படுத்தாத டேபைத் தூங்கவைக்கும் வசதி இருக்கிறது, குரோமில் மெமரி சேவர் என்று அதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. இரண்டில் எதை வைத்திருக்கிறீர்களோ அதில் இயக்கிவிடுங்கள். இரண்டு பிரவுசரையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

யூடியூப் சில நேரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சில நேரம் தடுக்குகிறது. ஏன்?

வீடியோவை எந்த முறையில் சுருக்கி அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எச்.264, விபி9, ஏவி1 என்று மூன்று முறைகள் முக்கியம். சில்லுக்குள்ளேயே அந்த முறையை விரிக்கத் தனிப் பகுதி இருந்தால் பிராசஸர் ஓய்வாக இருக்கும். இல்லையென்றால் பிராசஸரே முழு வேலையும் செய்ய வேண்டும், அப்போதுதான் தடுக்கும், சூடாகும், பேட்டரியும் கரையும்.

பழைய இசட்3735எஃபில் எச்.264க்கு மட்டும்தான் நம்பிக்கையான வன்பொருள் ஆதரவு. செலரான் என்4000 குடும்பம் விபி9 வரை பார்த்துக்கொள்ளும், ஏவி1 தெரியாது. என்100 மூன்றையும் பார்த்துக்கொள்ளும்.

நீங்களே சோதிக்கலாம். யூடியூப் வீடியோமீது வலது கிளிக் செய்து (தொடுதிரை என்றால் விரலை அழுத்திப் பிடித்து) ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் வரும். அதில் கோடெக் வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஏவிசி1 என்பது எச்.264. அதற்கு மேலே விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஓடும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டேப்லெட்டால் ஈடுகொடுக்க முடியவில்லை. எச்.264இல் மட்டும் அனுப்பச் சொல்லும் பிரவுசர் நீட்சிகள் உள்ளன, பழைய டேப்லெட்டுக்கு அது உயிர் கொடுக்கும். அதுவும் வேண்டாம் என்றால் 720பிக்கு இறக்குங்கள். 10 அங்குலத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

வீடியோ கால்?

படம் பார்ப்பதைவிட இது கடினம். உங்கள் கேமரா படத்தைச் சுருக்கி அனுப்பிக்கொண்டே எதிரில் இருப்பவர்களின் படங்களை விரிக்க வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில். இருவர் பேசுவதற்கு என்4120 போதும். பத்துப் பேர் கட்டம் கட்டமாகத் தெரியும் கூட்டம், கூடவே திரைப் பகிர்வு என்றால் என்100உம் 8 ஜிபி ரேமும் வேண்டும்.

பின்புறத்தை மங்கலாக்கும் வசதியை நிறுத்துங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமிலும் உங்கள் தலைமுடிக்கும் சுவருக்கும் நடுவே கோடு போட்டுக்கொண்டிருக்கிறது, சிறிய பிராசஸருக்கு அது பெரிய வேலை. பேசுகிறவர் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்வதும் உதவும்.

கேம், போட்டோ எடிட்டிங், வீடியோ எடிட்டிங்?

சீட்டுக்கட்டு, சதுரங்கம், பழைய இருபரிமாண கேம்கள் சரி. போட்டோவை வெட்டி வெளிச்சம் கூட்டலாம். வீடியோ எடிட்டிங்குக்கு இதை வாங்காதீர்கள்.

முதலில் வேகமாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மந்தமாகிவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, சூடு. இந்த டேப்லெட்டுகளில் மின்விசிறி கிடையாது. சில்லு சில நொடிகளுக்கு உச்ச வேகத்தில் ஓடும், உடல் சூடானதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் போடும் கிகாஹெர்ட்ஸ் அந்த உச்ச வேகம். தொடர்ந்து ஓடும் வேகம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. உலோக முதுகு உள்ளவை பிளாஸ்டிக் முதுகைவிடச் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளும். தடித்த உறை போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்வதும் சார்ஜ் ஏறும்போது வீடியோ கால் பேசுவதும் சூட்டைக் கூட்டும்.

சார்ஜ் போட்டிருந்தும் பேட்டரி குறைகிறதே?

பழைய மாடல்களில் மைக்ரோ யுஎஸ்பி வழியாக 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட்தான் உள்ளே வரும். திரையும் பிராசஸரும் வைஃபையும் அதைத் தின்றுவிட்டால் பேட்டரிக்கு மிச்சமில்லை. இப்போது வாங்குவதாக இருந்தால் யுஎஸ்பி-சி இருக்க வேண்டும், அதோடு பவர் டெலிவரி (யுஎஸ்பி-சி வழியாக அதிக வாட்டில் சார்ஜ் ஏற்றும் பொதுத் தரம்) ஆதரவும் இருக்க வேண்டும். துளை யுஎஸ்பி-சி மாதிரி இருந்தும் தன்னோடு வந்த சார்ஜரை மட்டும் ஏற்கும் டேப்லெட்டுகள் உண்டு. அந்தச் சார்ஜர் தொலைந்தால் அலைய வேண்டியதுதான்.

எஸ் மோட் என்று போட்டிருக்கிறது. அது வேகத்தைக் குறைக்கிறதா?

இல்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் ஆப்களை மட்டும் நிறுவவிடும் பூட்டு அது. வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டியிருந்தால் ஸ்டோர் வழியாகவே இலவசமாக வெளியேறலாம், திரும்பிப் போகத்தான் முடியாது. கணினியில் கண்டதையெல்லாம் நிறுவிவிடும் உறவினருக்கு வாங்கித் தருவதாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கீபோர்டு இல்லாமல் டேப்லெட்டாகவே பயன்படுத்த முடியுமா?

படிக்க, படம் பார்க்க, கையெழுத்துப் போட முடியும். அதற்கு மேல் போனால் விரலுக்கு எட்டாத சின்னச் சின்னப் பொத்தான்கள், திரையில் பாதியை மறைக்கும் கீபோர்டு என்று பொறுமை சோதிக்கப்படும். விண்டோஸ் 10இல் டேப்லெட்டுக்கென்று தனி முறை இருந்தது, 11இல் அது இல்லை. கீபோர்டைக் கழற்றினால் ஐகான்களுக்கு இடையே இடைவெளி கூடும், அவ்வளவுதான். விரலை நினைத்து எழுதப்பட்ட விண்டோஸ் மென்பொருள்கள் குறைவு. ஆகவே கீபோர்டு தனியாக விற்கப்படும் மாடல் என்றால் அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள். கூட்டியபின் அது விலை குறைந்த டேப்லெட்டாகவே இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஆண்ட்ராய்டு ஆப்களை விண்டோஸ் 11இல் ஓட்டலாம் என்றார்களே?

ஓட்ட முடிந்தது. அந்த வசதிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 5ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அது இருந்த காலத்திலும் 4 ஜிபி டேப்லெட்டுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள விலை குறைந்த விண்டோஸ் டேப்லெட் பரவாயில்லையா?

பேட்டரிக்கும் சூட்டுக்கும் நல்லது. ஆனால் ஸ்னாப்டிராகன் 7சி போன்ற கீழ்வரிசைச் சில்லுகளில் இன்டெலுக்காக எழுதிய மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டும்போது வேகம் நன்றாகவே அடிபடும். எட்ஜ், ஆபீஸ் இரண்டும் ஆர்முக்கென்றே (ARM, ஸ்னாப்டிராகன் சில்லுகளின் அடிப்படை வடிவமைப்பு) எழுதப்பட்டவை, அவற்றோடு நின்றால் தொல்லை இல்லை. பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்துக் கருவி ஏதாவது இணைக்க வேண்டியிருந்தால் கவனம். டிரைவர்களை (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அப்படி மொழிபெயர்த்து ஓட்ட முடியாது, ஆர்முக்கென்று எழுதிய டிரைவர் இருந்தே ஆக வேண்டும்.

விண்டோஸ் 10 டேப்லெட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவிக்கு அது உதவும். புதிதாகக் காசு போட்டு வாங்குகிறவர் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகப் போக முடியாத டேப்லெட்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கப்போகும் கருவி அது.

ஆதரவு இல்லாத டேப்லெட்டில் குறுக்கு வழியாக 11ஐ ஏற்றலாம் என்று வழிகாட்டுகிறவர்கள் உண்டு. ஏறும். 2 ஜிபி ரேமில் ஏறிய பிறகு என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் அதில் லினக்ஸ் போட்டால்?

ஆட்டம் டேப்லெட்டில் இது பொழுதுபோக்காகச் செய்ய வேண்டிய வேலை. அவற்றில் பல, சில்லு 64 பிட்டாக இருந்தும் யுஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடி விண்டோஸைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) மட்டும் 32 பிட்டாக வந்தவை. வழக்கமான லினக்ஸ் யுஎஸ்பியைச் செருகினால் பூட் ஆகவே ஆகாது. அதைத் தாண்டினால் தொடுதிரை, ஒலி, கேமரா, திரை சுழற்சி என்று ஒவ்வொன்றாக மல்லுக்கட்ட வேண்டிவரும். செலரானும் என்100உம் உள்ளவற்றில் நிலைமை எவ்வளவோ மேல்.

புதிதாக மலிவானது வாங்குவதா, பழைய நல்லதை செகண்ட் ஹேண்டில் வாங்குவதா?

பெரும்பாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அலுவலகங்கள் சில ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் உயர்வகை டேப்லெட்டுகளில் இன்டெல் கோர் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, நல்ல திரை, நல்ல கீபோர்டு எல்லாம் இருக்கும். ஒரு புதிய மலிவு டேப்லெட்டின் விலைக்கு அது கிடைத்தால் அன்றாட வேலையில் ஒப்பீடே இல்லை.

தலைமுறையை மட்டும் கவனியுங்கள். இன்டெல் கோர் வரிசை பிராசஸர் என்றால் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஆதரவு, அதற்கு முந்தையதில் பெரும்பாலும் இல்லை. அதன்படி 2018இன் சர்ஃபேஸ் புரோ 6 தேறும், 2017இல் வந்த அதற்கு முந்தைய சர்ஃபேஸ் புரோ தேறாது. சர்ஃபேஸ் கோ வரிசையில் 2018இன் முதல் மாடல் தேறாது, 2020இன் கோ 2 தேறும். வெளியில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், மாடல் பெயரைத் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் பேட்டரி. பழைய டேப்லெட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. உள்ளே பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், மாற்றுவது சுலபமில்லை. கையில் எடுத்ததும் ஒரு பக்கமாகப் பிடித்துத் திரையின் விளிம்பைக் கண்மட்டத்தில் பாருங்கள். திரை எங்காவது எழும்பியிருந்தாலோ விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உப்பவில்லை என்றால் விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்றைய நிலை. இரண்டாவது முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு பாருங்கள்.

விண்டோஸ் டேப்லெட் எனக்கு உண்மையிலேயே தேவையா? ஆண்ட்ராய்டு டேப்லெட் போதாதா?

படம், படிப்பு, மெசேஜ், கிறுக்கல் என்றால் அதே விலைக்கு ஆண்ட்ராய்டு டேப்லெட் வேகமாகவும் இருக்கும், பேட்டரியும் நிற்கும். தட்டச்சு அதிகம், தொடுதிரை அவசியமில்லை என்றால் அதே விலை லேப்டாப்பில் கூடுதல் ரேமும் பெரிய திரையும் கிடைக்கும், சிலவற்றில் எஸ்எஸ்டியை மாற்றவும் செய்யலாம். விண்டோஸ் டேப்லெட்டுக்கு நியாயம் இருப்பது இரண்டுக்கும் நடுவில்: விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றபடி பயன்படுத்த வேண்டியவர்களுக்கு. கிடங்கில் கணக்கெடுக்கிறவர், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அளவுகளைப் பதிகிறவர், எக்செலில் உள்ள மேக்ரோ இல்லாமல் வேலை நடக்காதவர். அவர்களுக்கு 4 ஜிபி டேப்லெட்கூடச் சில நேரம் சரியாகப் பொருந்திவிடுகிறது, ஏனென்றால் அதில் நாள் முழுக்க ஓடப்போவது அந்த ஒரு மென்பொருள்தான்.

வாங்கியாகிவிட்டது. முதல் வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் நாளின் வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதிய டேப்லெட் அன்று முழுக்க அப்டேட் இறக்கும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும், ஸ்டோர் ஆப்களைப் புதுப்பிக்கும். சார்ஜரில் போட்டு, வைஃபையில் விட்டு, ஓர் இரவு அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். காலையில் ரீஸ்டார்ட் செய்தபின் தானாகத் தொடங்கும் ஆப்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள், கூடவே வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்குங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும், இரண்டு காவல்காரர்களுக்கு இந்தச் சேமிப்பு தாங்காது.

அடுத்து விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் பிராசஸர் பெயரும் ரேம் அளவும் விளம்பரத்தில் சொன்னபடி இருக்கிறதா பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ் வரிசையில் சேமிப்பின் மாடல் பெயர் இருக்கும். அதைத் தேடிப் பார்த்தால் எஸ்எஸ்டி என்று விற்றது உண்மையில் இஎம்எம்சியா என்று தெரிந்துவிடும். விண்டோஸ் உரிமம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதையும் செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள், பெயர் தெரியாத நிறுவனங்களின் டேப்லெட்டில் இது அவசியம்.

பிறகு உங்கள் வழக்கமான ஒரு நாளை அதன்மேல் ஏற்றிப் பாருங்கள். தினமும் திறக்கும் அதே டேப்கள், அதே கோப்புகள், அரை மணி நேர வீடியோ கால், எல்லாம் ஒன்றாக. திணறினால் திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் திரையில் ஒட்டிவந்த தாளையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.